செத்த காலேஜா? சிந்தனைக் கூடமா?

சென்னைப் பட்டணத்துப் பாமர மக்கள் ஒரு காலத்தில் இரண்டு ‘காலேஜ்’களைப் பற்றிப் பேசினர். புலியும் கரடியும் உலவிய இடத்துக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயரிட்டனர். 1851ஆம் ஆண்டு தோன்றிய அருங்காட்சியகத்துக்கோ ‘செத்த காலேஜ்’ என்று பெயரிட்டனர். படித்த பெருமக்கள் கேட்டுச் சிரித்தனர். பட்டிக்காட்டான் பேச்சு என்றனர். சிரித்தவர்கள் சற்றே சிந்தித்திருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். ஏனெனில் அது கேலிப் பெயர் அன்று, தீர்ப்பு! உள்ளே போனோம், பார்த்தோம், ஒன்றும் எம்மோடு பேசவில்லை, வெளியே வந்தோம் என்று ஏழை மக்கள் எழுதிவைத்த தீர்ப்பு! பேசாத பொருளைப் பிணம் என்று அழைத்தது அவர்தம் குற்றமா? அதைப் பேசவைக்காதவர் குற்றமா?

இந்தக் கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு புதுவைக்கு வருவோம், தோழர்களே!

கடற்கரைக்கு அண்மையில், பாரதி பூங்காவின் அருகில், செயின்ட் லூயி வீதியில் நிற்கிறது புதுவை அருங்காட்சியகம். 1983ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அரிக்கமேட்டு மண் ஈன்ற மட்கலங்களும் மணிகளும் அங்கே உண்டு. சோழர் காலச் செப்புப் படிமங்கள் உண்டு. கற்சிலைகள் உண்டு. பிரெஞ்சுக் கனவான்கள் அமர்ந்த நாற்காலிகள் உண்டு. அவர்களைச் சுமந்த பல்லக்கு உண்டு. தள்ளிச் சென்ற புஷ்-புஷ் வண்டி உண்டு. டூப்ளே துயின்ற கட்டிலும் உண்டு!

ஆண்டுதோறும் மே 18ஆம் நாள் உலக அருங்காட்சியக நாள். 1977 முதல் உலகம் அதனைக் கொண்டாடி வருகிறது. கொண்டாட்டம் என்றால் நம் நாட்டில் இலக்கணம் ஒன்று உண்டல்லவா? குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை! எல்லா உரையும் முடிந்தபின் பொருளுரை மட்டும் எஞ்சி நிற்கும், எவரும் உரைக்காமல். கண்காட்சி என்ற சொல்லில் கண் இருக்கிறது, காட்சி இருக்கிறது. கருத்து எங்கே? கண்டவன் கேள்வி கேட்டானா? கேட்டவனுக்கு விடை கிடைத்ததா? விடை பெற்றவன் வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னானா? அருங்காட்சியகத்தின் வெற்றியை அளக்கும் கோல் இதுதான். அனுமதிச் சீட்டின் எண்ணிக்கை அந்தக் கோல் ஆகாது.

கட்டிலும் கைவண்டியும்

முதலில் அந்தக் கட்டிலைப் பார்ப்போம். வழிகாட்டி ஏடுகளெல்லாம் வாயாரப் புகழும் கட்டில்! 1742 முதல் 1754 வரை புதுவையின் கவர்னராக இருந்து, தென்னாட்டின் அரியணைகளைச் சதுரங்கக் காய்களாக நகர்த்திய டூப்ளே அதில் படுத்தான். சரி, படுத்தான். அதனால் நமக்கு என்ன? மரத்தின் வேலைப்பாடு சிறந்தது என்பீரானால், செதுக்கிய தச்சன் யார் என்று கேட்போம். அதன்மேல் விரித்த துணி மெல்லியது என்பீரானால், நெய்த நெசவாளி யார் என்று கேட்போம். படுத்தவன் பெயர் பலகையில் இருக்கிறது. படுக்கை செய்தவன் பெயர் காற்றில் கரைந்துவிட்டது. இதுவா வரலாறு?

டூப்ளே வந்தது காற்று வாங்கவா? துணி வாங்க வந்தான்! பிரெஞ்சுக் கம்பெனியின் கப்பல்களை நிரப்பியது தமிழ் நெசவாளியின் தறி. புதுவையில் நீலச்சாயத்தில் தோய்ந்த ‘கினே’ என்னும் துணி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகல் கரையில் பணத்துக்கு ஈடாகவே வழங்கியது. ஒரு முழத் துணி இரண்டு கண்டங்களின் உழைப்பாளர்களை ஒரே நூலில் கட்டிப் போட்ட கதை அது! நீலச்சாயத் தொட்டியில் நின்ற மனிதனின் நிறம் மாறிய கை ஒரு காட்சிப் பொருளுக்கு உரியது. கவர்னரின் தலையணை நமக்கு எதைக் கற்பிக்கும்?

அடுத்து அந்தப் புஷ்-புஷ் வண்டி. வேடிக்கையான பெயர், சுற்றுலா வந்தவர் புன்னகை பூப்பர். முன்னால் அமர்ந்த துரை கைப்பிடியைத் திருப்பித் திசையை மட்டும் காட்டுவான். பின்னால் நின்று வியர்வை வடியத் தள்ளுபவன் தமிழன். திசை அவனுடையது, தசை நம்முடையது! குடியேற்ற ஆட்சி என்பது என்ன என்று ஆயிரம் பக்கத்தில் எழுதினாலும் இந்த ஒரு வண்டி சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. ஆனால் வண்டி தானாகச் சொல்லுமா? பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லவேண்டும். ‘இதைத் தள்ளியவன் எங்கே?’ என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்கவைக்க வேண்டும். கேட்டுவிட்டால் செத்த காலேஜ் அந்த நொடியே உயிர் காலேஜ் ஆகிவிடும்.

வெள்ளை வீதியும் வேதபுரியும்

புதுவையின் முகத்தில் இன்று இரண்டு முகமூடிகளை மாட்டப் பார்க்கிறார்கள். ஒன்றின் பெயர் ‘ஒயிட் டவுன்’. மற்றொன்றின் பெயர் ‘வேதபுரி’.

கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் இடையே வெள்ளையர் வாழ்ந்தனர். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்தனர். முன்னதற்கு வெள்ளைப் பட்டணம் என்றும் பின்னதற்குக் கறுப்புப் பட்டணம் என்றும் பெயர் வைத்தான் பிரெஞ்சுக்காரன். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அவன் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனான்; 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் போய்விட்டான். ஆனால் அவன் வைத்த பெயர் போகவில்லை! விடுதிப் பலகையில் ‘ஒயிட் டவுன்’, விளம்பரத் தாளில் ‘ஒயிட் டவுன்’, ஆட்டோ ஓட்டும் தோழனின் வாயிலும் ‘ஒயிட் டவுன்’! தோலின் நிறத்தால் மனிதரைப் பிரித்த பெயரை, மஞ்சள் சுவரும் மலர்க்கொடியும் போர்த்தி அழகுப் பொருளாக விற்கிறார்கள். சேரி, அக்கிரகாரம் என்று ஊரைப் பிறப்பால் பிரித்தவனை எதிர்த்துப் போரிட்ட இனம், நிறத்தால் பிரித்தவனின் பெயருக்கு நடைபாவாடை விரிப்பதா? பாரம்பரிய நடை என்று அழைத்துச் செல்கிறவர்கள் வாய்க்காலைத் தாண்டி மேற்கேயும் நடக்கட்டும். திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளைக் காட்டட்டும். அதையும் தாண்டி மூடிக் கிடக்கும் ஆலைகளின் வாயில்வரை நடக்கட்டும். அப்போதுதான் அது ஊரின் நடை. இல்லையேல் ஒரு வீதியின் உலா.

இரண்டாவது முகமூடி இன்னும் பழையது, இன்னும் ஆபத்தானது. அகத்தியர் இங்கே ஆசிரமம் அமைத்தாராம். வேதக் கல்லூரி நடந்ததாம். ஆகவே இவ்வூர் வேதபுரியாம்! சான்று என்ன என்று கேட்டால் ஐதீகம் என்பர். ஐதீகத்துக்குச் சான்று என்ன என்று கேட்டால் ‘பெரியோர் சொன்னது’ என்பர். எந்தப் பெரியோர் என்று கேட்டால் கேட்டவன் நாத்திகன் ஆகிவிடுவான்!

நாம் கதைக்குக் கதை சொல்லப் போவதில்லை. செப்பேட்டைக் காட்டுவோம். புதுவைக்கு அண்மையில் உள்ள பாகூரில் கிடைத்த செப்பேடு அது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. பாகூரில் இருந்த ‘வித்யாஸ்தானம்’ என்னும் கல்விக் கூடத்துக்கு மூன்று ஊர்கள் அறக்கொடையாக விடப்பட்ட செய்தியைச் சொல்கிறது. பார்த்தீர்களா, வேதக் கல்வி இருந்தது என்று துள்ளுவர் வேதபுரியார். இருந்தது! நாம் மறுக்கவில்லை. மறுப்பது மூடனின் வேலை. விளக்குவது பகுத்தறிவாளனின் வேலை. மூன்று ஊர்களின் விளைச்சல் யாருடைய உழைப்பு? உழுதவன் மகன் அந்தக் கூடத்தின் திண்ணையிலாவது உட்கார முடிந்ததா? நெல் கொடுத்தவனுக்கு எழுத்து கொடுத்தார்களா? அந்தச் செப்பேட்டின் படியைக் காட்சியில் வைத்து, இந்த மூன்று கேள்விகளையும் பெரிய எழுத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேதபுரியின் பெருமையும் சிறுமையும் ஒரே பலகையில் விளங்கிவிடும்!

அரிக்கமேடு சொல்லும் பாடம்

பொருள் இருந்தும் அறிவு இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்குப் புதுவையே சான்று. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. அங்கே செங்கல்லும் மணியும் மட்கல ஓடும் நெடுங்காலமாகக் கிடைத்துவந்தன. 1930களில் ழுவோ-துப்ரேய் போன்றோர் சிலவற்றைத் திரட்டினர். திரட்டியவற்றுள் சில, புதுவை நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் தூசு படிந்து கிடந்தன. 1944இல் தொல்லியல் துறையின் தலைவர் மார்ட்டிமர் வீலர் அங்கே வந்தார், பெட்டிக்குள் பார்த்தார், ரோமானிய மட்கல ஓடுகளை இனங்கண்டார்! 1945இல் அகழ்ந்தார். ‘பெரிப்புளூஸ்’ என்னும் கிரேக்க நூல் குறிப்பிடும் ‘பொதுகே’ துறைமுகம் இதுதான் என்ற கருத்து வலுப்பெற்றது.

ஊன்றிக் கவனியுங்கள், தோழர்களே! ஓடுகள் மாறவில்லை. பெட்டி மாறவில்லை. நேற்றுவரை குப்பையாகக் கிடந்தது இன்று வரலாறாயிற்று. மாறியது ஒன்றே ஒன்று: பார்த்தவனின் அறிவு! ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் வரலாற்றின் திறவுகோல் நம் ஊர் அலமாரியிலேயே இருந்தது. அதைக் கண்டுசொல்லக் கடல் கடந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. ஏன்? தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தூணிலும் துரும்பிலும் கடவுளைக் காணக் கற்பித்தார்கள். ஓட்டிலும் மண்ணிலும் வரலாற்றைக் காணக் கற்பிக்கவில்லை!

வீலர் சொன்னதும் முற்றும் முடிந்த உண்மை அன்று. அவர் அதனை ‘இந்திய-ரோமானிய வாணிக நிலையம்’ என்றார். ரோமானியன் வந்தான், ஊர் உண்டாயிற்று என்ற எண்ணம் பரவியது. 1947-48இல் கசால் அகழ்ந்தார். பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் குழுவினரும் அகழ்ந்து ஆராய்ந்தனர். ரோமானியப் பண்டம் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தனர், தொழில் செய்தனர் என்பது தெளிவாயிற்று. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. கண்ணாடியை உருக்கி, நீண்ட குழலாக இழுத்து, சிறு சிறு மணிகளாக வெட்டிய தொழில்நுட்பம் அங்கே செழித்தது. அம்மணிகள் தென்கிழக்கு ஆசியாவரை சென்றன. ரோமானியன் வந்தது, இங்கே ஊரும் தொழிலும் இருந்தமையால்! விருந்தாளியின் பெயரால் வீட்டை அழைப்பார் உண்டோ?

நாம் வெறும் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னார், மற்றவர் சோதித்தார், திருத்தினார். மண்ணடுக்கு சாட்சி, மட்கலம் சாட்சி. இதுவே அறிவியல் வரலாற்றின் வழி. புராணத்தில் இந்த வழி உண்டா? புராணிகர் என்றேனும் ‘நேற்று நான் சொன்னது தவறு, புதிய சான்று கிடைத்திருக்கிறது’ என்று சொன்னது உண்டா? ஆகவே அரிக்கமேட்டு மணியைக் காட்டும்போது மணியை மட்டும் காட்டாதீர். எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதையும் காட்டுங்கள். அதுவே பகுத்தறிவுப் பாடம்.

கீழடியைப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அகழ்ந்த ஊரிலேயே, அகழ்ந்த பொருளை, அவ்வூர் மக்களே பார்க்கும்படி வைத்தனர். அதே கீழடியில் முதலில் அகழ்ந்த அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் அளித்த அறிக்கையை 2025இல் திருத்தித் தருமாறு மத்தியத் தொல்லியல் துறை கேட்டது, தமிழகம் கொதித்தது. மண்ணுக்குள் இருக்கும் பானை ஓட்டைக் கண்டு மேலே இருப்பவர் அஞ்சுகிறார் என்றால், ஓட்டின் ஆற்றலை உணருங்கள்! காட்சிப் பெட்டியின் கண்ணாடி மெல்லியது. அதற்குப் பின்னால் நடக்கும் போர் மெல்லியதன்று.

படிமமும் பட்டறையும்

அருங்காட்சியகத்தின் செப்புப் படிமங்களுக்கு வருவோம். கடவுள் மறுப்பாளர்க்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் அங்கே வேலை அதிகம்!

மெழுகில் உருவம் வனைந்து, மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்து எடுப்பது படிமம். ஒரு படிமத்துக்கு ஓர் அச்சு. உடைத்தால் மறுபடி இல்லை. எத்துணை அறிவு! எத்துணைத் திறன்! அத்தனையும் உழைப்பாளியின் விரலில் இருந்தது. ஆனால் குடமுழுக்கு முடிந்ததும் என்ன நடந்தது? ஊற்றிய கை தொட்டால் தீட்டு! படைத்தவன் வாயிற்படிக்கு வெளியே. மந்திரம் சொன்னவன் கருவறைக்கு உள்ளே! அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 1970இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் செய்தது. வழக்கு வந்தது, தடை வந்தது. பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்கள் பணி ஆணை பெறுவதற்கு 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டு!

அருங்காட்சியகத்தில் அந்தத் தடை இல்லை. அங்கே எந்தச் சாதியினரும் ஒரே தரையில், ஒரே தொலைவில் நின்று படிமத்தின் முகத்தைப் பார்க்கலாம். தட்டு இல்லை, தட்சிணை இல்லை, தனி வரிசை இல்லை. கோயிலில் கடவுளாக இருந்தபோது சிலருக்கே உரியதாக இருந்தது, கலையாக மாறியதும் அனைவருக்கும் உரியதாயிற்று! இந்த மாற்றத்தை மக்களுக்கு உணர்த்த ஒரு பட்டறைக் கலைஞனை அழைத்து, மெழுகு வனைந்து அச்சு வார்க்கும் முறையை முற்றத்தில் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஆயிரம் கட்டுரை செய்யாததை அந்த ஒரு மாலைப் பொழுது செய்யும்.

எந்த நாளைக் கொண்டாடுவது?

விழா எடுக்க நாள் இல்லையா புதுவைக்கு? நாள்களின் பட்டியல் இதோ!

1743. அடிமை வாணிகத்தின் கொடுமை அம்பலமான ஆண்டு. பிடிக்கப்பட்ட ஏழைகள் அடைத்து வைக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட செய்தியை டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து அறிகிறோம். 1745. தேவாலயத்துக்குள்ளேயே தாழ்த்தப்பட்ட கிறித்தவரைப் பிரித்து நிறுத்திய சுவரை எதிர்த்து அம்மக்கள் திரண்டு பாதிரியாரிடம் நியாயம் கேட்டனர். இதுவும் அதே நாட்குறிப்பில்! மதம் மாறியும் சாதி மாறவில்லை. ஆனால் கேட்கும் துணிவு அன்றே பிறந்துவிட்டது. 1748. முற்றுகைக் காலத்தில் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு ஆட்சி இடித்தது. கோயில் போனதே என்று நாம் கண்ணீர் உகுக்கப் போவதில்லை. ஆயினும் ஆதிக்கம் மக்களின் மனத்தை மதியாமல் நடந்தது என்பதை மறைக்கவும் போவதில்லை. உண்மையில் நமக்கு வேண்டியது வேண்டாதது என்ற பாகுபாடு கிடையாது. மறைத்தால் அதனை மதவெறியர் எடுத்து வாளாகத் தீட்டுவர். விளக்கினால் அது பாடமாகும்.

1873. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றார். இந்தியன் காலணியோடு வரக்கூடாது என்று தடுத்தனர். அவர் பணிந்தாரா? பாரிசு வரை வழக்காடி வென்றார்! காலில் கிடந்த ஒரு சோடிச் செருப்பு தன்மானத்தின் கொடியாயிற்று. தெருவில் செருப்பணிந்து நடந்ததற்காக உதைபட்ட மக்கள் வாழ்ந்த நாட்டில், இந்தக் கதை ஒவ்வொரு பள்ளிக்கும் போயிருக்க வேண்டாமா?

1936, சூலை 30. சவானா ஆலைத் தொழிலாளர் உரிமை கேட்டு நின்றனர். பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கியால் விடை சொன்னது. பன்னிரண்டு பேர் மாண்டனர். வ. சுப்பையா போன்ற தலைவர்களின் வழியில் தொழிலாளர் தளராது போராடினர். 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இன்று எட்டு மணிக்கு மேல் உழைக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் ஒவ்வோர் இளைஞனும் அந்தப் பன்னிரண்டு பேருக்குக் கடன்பட்டவன்.

1954, அக்டோபர் 18. கீழூரில் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். பேரரசு ஒன்று பெட்டி படுக்கையோடு புறப்படுவதை ஒரு சிற்றூரின் வாக்குச் சீட்டு தீர்மானித்தது. டூப்ளே கட்டிலை விட்டுச் சென்றான். மக்கள் அந்தக் கட்டிலின் கதையை முடித்தனர்!

இன்னும் ஒன்று. பாரதி பூங்காவின் நடுவே ஆயி மண்டபம். புதுவை அரசின் சின்னமே அது. ஆயி யார்? கணிகை ஒருத்தி என்கிறது கதை. அரசன் அவள் மாளிகையைக் கோயில் என்று எண்ணி வணங்கினானாம். கணிகையின் வீடு என்று அறிந்ததும் சினந்து இடிக்கச் சொன்னானாம். அவளோ தன் வீட்டைத் தானே இடித்து, அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாளாம். கதைதான், வரலாறு என்று நாம் கூறவில்லை. ஆனால் அந்தக் கதையின் நீதி யார் பக்கம் நிற்கிறது? வணங்கியவன் வெட்கப்பட்டான், வணங்கப்பட்டவள் தண்ணீர் தந்தாள்! பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கப் போராடிய இயக்கத்தின் பிள்ளைகள் அந்த மண்டபத்தின் நிழலில் நின்று பேசவேண்டிய பேச்சு எவ்வளவு இருக்கிறது! அருங்காட்சியகத்திலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கிறது அந்த மண்டபம்.

மறுப்பாருக்கு மறுமொழி

‘அருங்காட்சியகம் அமைதியான இடம், அங்கே அரசியல் வேண்டாம்’ என்பர் சில நடுநிலைச் சான்றோர். ஐயா, கட்டிலை நடுவில் வைத்துத் தறியை வெளியே வைப்பது அரசியல் இல்லையா? கவர்னரின் பெயரை எழுதி, வண்டி தள்ளியவனின் பெயரை விடுவது பிரசாரம் இல்லையா? எதை வைப்பது, எதை விடுப்பது என்று தேர்ந்த நொடியிலேயே அரசியல் தொடங்கிவிட்டது. நாங்கள் புதிதாகக் கொண்டுவரவில்லை. மறைந்திருப்பதை வெளியே வரச் சொல்கிறோம்.

‘சுற்றுலாப் பயணி அழகைத் தேடி வருகிறான், அழுகையைக் காட்டினால் வருவானா? ஊரார் பிழைப்பு என்னாகும்?’ என்பர் வேறு சிலர். பிழைப்பு பற்றிய கவலை நியாயமானது, புறந்தள்ளக் கூடாதது. விடுதியில் வேலை செய்பவரும் வண்டி ஓட்டுபவரும் நம்மவரே. ஆனால் உலகத்தைப் பாருங்கள். அடிமை வாணிகத்தில் கொழுத்த இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம், 2007இல் அந்த வாணிகத்தைக் காட்டவே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. பிரான்சு நாட்டின் நாந்து நகரம், அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட தன் ஆற்றங்கரையிலேயே 2012இல் அடிமை ஒழிப்பு நினைவகம் எழுப்பியது. மக்கள் அங்கே போகாமல் இல்லை, தேடிப் போகிறார்கள். குற்றம் செய்தவனின் நகரம் தன் குற்றத்தைக் காட்டுகிறது. குற்றத்துக்கு ஆளானவனின் நகரம் அதை மூடி மலர்வளையம் வைக்கிறது! பிரெஞ்சுக்காரனே மறந்த டூப்ளே மயக்கம் நமக்கு எதற்கு?

‘மக்களுக்கு இதில் நாட்டமில்லை’ என்பர் மூன்றாவது வகையார். இதுதான் பெரும் பொய். நம் மக்கள் கல்வெட்டைத் தேடி வயல்வரப்பில் நடக்கிறார்கள்; கீழடிக்குக் குடும்பத்தோடு செல்கிறார்கள். நாட்டம் இருக்கிறது, நாவில் தமிழ் இல்லாத அறிவிப்பும், வேலைநாளில் மட்டும் திறக்கும் கதவும், ‘தொடாதே, பேசாதே, கேளாதே’ என்னும் கட்டளையும் அந்த நாட்டத்தை வாயிலிலேயே கொன்றுவிடும். தறிநெய்பவர் எப்போது வருவார்? மீன் விற்பவர் எப்போது வருவார்? மாலையில்தான் வருவார், மாலையில் திறந்து வையுங்கள்!

செய்ய வேண்டியவை

கூச்சல் போட்டுக் கலைவது நம் வேலை அன்று. கோரிக்கைகளை எண்ணிச் சொல்வோம்.

முதலாவது: எந்தக் காட்சிப் பொருளாயினும் அதன் பலகையில் நல்ல தமிழில் மூன்று செய்திகள் வேண்டும். செய்தவர் யார், பயன்படுத்தியவர் யார், இது நமக்கு எப்படித் தெரிந்தது என்ற மூன்று. தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்றே எழுதலாம். அதுவும் அறிவின் அடையாளமே.

இரண்டாவது: திங்கள்தோறும் ஒரு மாலை, கட்டணமின்றி, தமிழில் பொதுக் கூட்டம். பேச்சு அரைமணி; கேள்வி ஒரு மணி. கேள்விக்கு இடம் இல்லாத கூட்டம் கதாகாலட்சேபம்!

மூன்றாவது: பயணக் கண்காட்சி. பாகூர் செப்பேட்டின் கதை பாகூருக்கே போகட்டும். அரிக்கமேட்டு மணி அரியாங்குப்பத்துப் பள்ளிக்குப் போகட்டும். வில்லியனூர், திருபுவனை, காரைக்கால் என்று ஊர் ஊராகப் போகட்டும்.

நான்காவது: சூலை 30ஐயும் அக்டோபர் 18ஐயும் அருங்காட்சியகத்தின் விழா நாள்களாக்குங்கள். 1898இல் தோன்றி 2020இல் மூடப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையின் ஒரு கொட்டகையையாவது தொழிலாளர் வரலாற்றுக் கூடமாக்குங்கள். அங்கே தறி ஓட்டிய முதியோர் இன்னும் வாழ்கின்றனர். அவர்தம் நினைவை இப்போதே பதிவு செய்யாவிடில், நாளை சங்கொலி மட்டும் மிஞ்சும். அதைப் பொருள் சொல்வார் மிஞ்சமாட்டார்.

ஐந்தாவது: பெருமாள் கோயில் தெரு 95ஆம் எண் இல்லத்தை நினையுங்கள். பெருமாள் கோயில் தெருவில் பகுத்தறிவுப் பாவலரின் வீடு! 1945 முதல் 1964இல் மறையும் வரை புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் வாழ்ந்த அந்த வீடு 1971 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஏப்ரல் 29இல் மாலை போடுவதோடு நில்லாமல், ஆண்டு முழுவதும் இளைஞர்கள் பாடவும் வாதிடவும் எழுதவும் அது களமாகட்டும். கவிஞர் வீட்டில் கட்டிலைக் காட்டிக் கைகூப்பச் சொல்லாதீர். அவர் தொடுத்த போரைத் தொடரச் சொல்லுங்கள்!

இளைஞர்களே! இதையெல்லாம் அரசு செய்யும் என்று கைகட்டி நிற்பது நம் மரபன்று. படிப்பகங்கள் அரசாணையால் பிறந்தனவா? தேநீர்க் கடை மூலையிலும் முடிதிருத்தகத்தின் பெஞ்சியிலும் இதழ் படித்து, உரக்கப் படித்து, ஊரையே படிக்கவைத்த மக்கள் நாம். வரும் ஞாயிறன்று பத்துப் பேராகச் செல்லுங்கள். ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று ‘செய்தவர் யார்?’ என்று கேளுங்கள். விடை இல்லாத இடங்களையெல்லாம் தாளில் குறித்து, பண்போடு, எழுத்தில், அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அடுத்த திங்கள் இருபது பேராகச் செல்லுங்கள். உங்களோடு ஒரு நெசவாளியையும் ஒரு மீனவப் பெண்ணையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள். அங்கே பணிபுரிவோர் பகைவர் அல்லர். கேட்பார் இன்மையால் சோர்ந்தவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும். கேட்பவர் பெருகினால் சொல்பவர் பெருகுவர்.

கோயில் வாயிலில் நம்மைத் தடுத்தார்கள், போராடி நுழைந்தோம். பள்ளி வாயிலில் தடுத்தார்கள், போராடி நுழைந்தோம். அருங்காட்சியகத்தின் வாயிலில் எவரும் தடுக்கவில்லை; நாம்தான் நுழையாதிருக்கிறோம். நுழைந்தால் போதும், அங்கே உள்ள ஒவ்வோர் ஓடும் உடைந்த மணியும் நம் பாட்டன் பூட்டியின் உழைப்பைச் சொல்லக் காத்திருக்கின்றன. கேட்கச் செல்வோம், வாருங்கள்!